ஜன்னலை மூடிப் போட்ட வெளிச்சம்

"நிழல்!" என்று நான் கத்தினேன். எல்லாம் அங்கிருந்துதான் தொடங்கியது.

ஆடி மாதத்து ஒரு சாயங்காலம், விளக்குப் போட்ட பிறகு. ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடி அறையில் என் அண்ணன் மனைவி ஆரி வேலை யூனிட் நடத்துகிறார். கல்யாணப் பிளவுஸ்களுக்கு ஜரியும் சமிக்கியும் பாசியும் வைத்துத் தைத்துக் கொடுக்கிற இடம். மரச்சட்டத்தில் துணியை விறைப்பாக இழுத்துக் கட்டி, அதைச் சுற்றிப் பெண்கள் தரையில் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு கை சட்டத்துக்கு மேலே ஊசியோடு, இன்னொரு கை அடியில் நூலோடு. நான் அன்றைக்கு அங்கே போனது ஃபேன் ரெகுலேட்டர் மாற்ற. எலக்ட்ரிகல் எஞ்சினியரிங் படித்துவிட்டு ஒரு வேலையை விட்டுவிட்டு இன்னொரு வேலை கிடைக்காமல் இருக்கிறவனுக்கு வீட்டில் கிடைக்கிற வேலை அதுதான்.

ஸ்டூலில் ஏறி நின்று கீழே பார்த்தபோது சட்டென்று பட்டது. ட்யூப் லைட் சுவரில் இருந்தது, பெண்களின் முதுகுப் பக்கம். ஊசி இறங்குகிற இடத்தில் எல்லாம் அவரவர் தலையின் நிழல். சுவரோரம் இருந்த அத்தனை பேரும் தங்கள் நிழலுக்குள்ளேயே குனிந்து தைத்துக்கொண்டிருந்தார்கள். தினமும் கண்ணில் படுகிற காட்சிதான். மேலேயிருந்து பார்த்தபோதுதான் புரிந்தது. புரிந்த வேகத்தில் கத்திவிட்டேன்.

கத்திய கத்தலில் சோழவந்தானிலிருந்து வருகிற அக்காவின் விரலில் ஊசி ஏறிவிட்டது.

"யாத்தே! என்ன தம்பி, பாம்பக் கண்ட மாதிரி?" என்று விரலை வாயில் வைத்துக்கொண்டார்.

"நிழல்க்கா. உங்க நிழலு உங்க வேலைக்கு மேலயே விழுது."

"என் நிழலு என் மேல விழாம பக்கத்து வீட்டுக்காரி மேலயா விழும்?"

அறையே சிரித்தது. காது சூடாகி, ரெகுலேட்டரைப் பாதியில் விட்டுவிட்டு இறங்கினேன். ஆனால் அந்த யோசனை என்னை விடவில்லை. வெளிச்சத்தை அளக்கிற ஆப் ஒன்றைப் போனில் இறக்கி, மறுநாளே போய் ஒவ்வொருவர் சட்டத்தின் மேலும் போனை வைத்து வைத்துப் பார்த்தேன். எல்லாப் பெண்களும் பெரியக்கா என்று கூப்பிடுகிற மூத்தவர், டவுனுக்குள்ளிருந்து வருகிற முஸ்லிம் அம்மா, போனை ஊசியின் பின்பக்கத்தால் தள்ளிவிட்டு, "தம்பி, பிளவுஸுக்கு ஜுரம் பாக்குறீங்களா?" என்றார். நான் அதற்கும் சிரித்துக்கொண்டே அளந்தேன்.

மதினியிடம் பேசும்போது எனக்கு மூச்சே விடத் தோன்றவில்லை. நல்ல வெளிச்சம் இருந்தால் கவனம் நிற்கும், கவனம் நின்றால் பிரித்துத் தைக்கிற வேலை குறையும், ஆவணி முதல் முகூர்த்தத்துக்குக் குவிந்து கிடக்கிற ஆர்டர் முன்னாடியே முடியும். "மதினி, இது சயின்ஸ்" என்றேன்.

"கொழுந்தனாரே, கரண்டுக்காரவுக சயின்ஸ் பாத்தா பில் போடுறாக?" என்றார். ஆனால் அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் இருந்தது. மேலூர்ப் பக்கம் அடுத்தவர் வயலில் நாற்று நட்டு எங்களைப் படிக்க வைத்த குடும்பம் எங்களுடையது. அந்தக் குடும்பத்தில் முதல் முதலாகத் தன் பேரில் போர்டு மாட்டியவர் மதினிதான். அந்த போர்டுக்குள் என் படிப்பும் ஏதோ ஒரு மூலையில் இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அவருக்கும் அந்த ஆசை இருந்திருக்கும்.

செய்து முடித்தேன். சுவர் ட்யூபைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு சட்டத்துக்கும் நேர் மேலே கூரையில் வெள்ளை எல்.இ.டி. பேனல். கடையில் இருந்ததிலேயே பளிச்சென்று இருந்ததைக் கேட்டு வாங்கினேன். மேற்கே ஒரு ஜன்னல். சாயங்கால வெயில் அதன் வழியாகச் சாய்ந்து வந்து ஜரியில் பட்டுக் கண்ணைக் கூசும் என்று பெண்கள் சொல்வதுண்டு. அதன் கண்ணாடிக்குக் கருப்புத் தாள் ஒட்டினேன். இனி காலையில் திறக்கும்போது என்ன வெளிச்சமோ அதே வெளிச்சம்தான் பூட்டுகிற வரைக்கும். ஏறாது, இறங்காது. அதுதான் என் பெருமையே.

இங்கே அந்த அறையின் ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். முன்பெல்லாம் சாயங்காலம் ஜன்னல் மங்க ஆரம்பிக்கும். யாராவது ஒருவர் "விளக்கு வைக்கிற நேரமாச்சு" என்பார். உடனே எல்லாரும் ஊசியைத் துணியோரம் குத்தி வைத்துவிட்டுக் கையை எடுத்துவிடுவார்கள். விளக்கு வைக்கிற நேரத்தில் கையில் ஊசி இருக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் உண்டு. மதினி மாடத்தில் சின்ன விளக்கை ஏற்றிவிட்டு ட்யூப் ஸ்விட்சைப் போடுவார். ட்யூப் துடித்துத் துடித்து எரிந்ததும் எல்லாரும் அதைப் பார்த்து ஒரு கும்பிடு. பெரியக்கா உள்ளறைக்குத் தொழப் போய்விடுவார். மற்றவர்கள் வெளியே வராந்தாவில் நின்று டீ குடித்துக்கொண்டே கீழே போகிற பஸ்களைப் பார்த்து, அதில் போகிறவர்களைப் பற்றி வாய்க்கு வந்ததைப் பேசுவார்கள். அப்புறம்தான் திரும்ப உட்காருவது. இதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். டீக்கான நேரம் என்றுதான் நினைத்திருந்தேன்.

புது லைட் வந்ததும் அது நின்றுபோனது. யாரும் நிறுத்தவில்லை. ஜன்னல்தான் மூடியிருக்கிறதே, மங்குவது எங்கே தெரியும்? காலையில் யூனிட்டைத் திறக்கும்போதே மதினி மாடத்து விளக்கையும் ஏற்றிப் பேனல் ஸ்விட்சையும் போட்டுவிடுவார். ஒருநாள் யாரோ, "விளக்கு வச்சாச்சா?" என்று கேட்டதற்கு, "அதான் காலைலருந்து எரியுதே" என்றார் மதினி. எல்லாரும் சிரித்துக்கொண்டே தையலைத் தொடர்ந்தார்கள். நானும் அங்கேதான் இருந்தேன். நானும் சிரித்தேன்.

முதல் வாரம் எனக்குத் தரையில் கால் பாவவில்லை. "இம்புட்டு வெளிச்சத்துல அரிசில கல்லே பொறுக்கலாம்" என்றார் சோழவந்தான் அக்கா. நான் பழைய அறையையும் புது அறையையும் அடுத்தடுத்து வைத்து ஒரு வீடியோ செய்து ஸ்டேட்டஸில் போட்டேன். அதன் கீழே பெரிய விஞ்ஞானி மாதிரி நாலு வரி. "மாப்ள, எங்க கடைக்கும் வாடா" என்று சிநேகிதர்கள் எழுதினார்கள். போகலாம் என்றுதான் இருந்தேன். இன்றைக்கு அந்த வீடியோவை நினைத்தால் உடம்பு கூசுகிறது. அதில் சோழவந்தான் அக்கா புது வெளிச்சத்தில் நிமிர்ந்து பார்த்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு சிரிப்பார். அந்தச் சுருக்கலை நான் வெட்கம் என்று எடுத்துக்கொண்டேன்.

அந்த அக்காவுக்கு அது முக்கியமான சமயம். அதுவரை பாசி கோக்கிற வேலையில் இருந்தவர். அந்த ஆடியில்தான் மதினி அவரை நுணுக்க வேலைக்கு மாற்றியிருந்தார். ஒரு மணப்பெண்ணின் பிளவுஸ் முதுகில் மயில். கழுத்து முழுக்க மெல்லிய ஜரிச் சங்கிலித் தையல். அது நன்றாக வந்தால் அவர் இனி பாசிக்குத் திரும்ப வேண்டியதில்லை. மயிலின் தலை அழகாக வந்தது. கழுத்துக்கு வந்தபோது கோளாறு ஆரம்பித்தது. காலையில் போட்ட தையல் கோடு பிடித்த மாதிரி இருக்கும். பொழுது சாயச் சாயத் தையல் விலகும். பிரிப்பார், தைப்பார், மறுபடி பிரிப்பார். முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொள்வார்.

எனக்கு இது பிடிக்கவில்லை. இவ்வளவு நல்ல வெளிச்சத்தில் ஏன் தப்பு வர வேண்டும்? வெளிச்சம் சரி, அளந்து போட்டது. அப்படியானால் கவனம்தான் சரியில்லை. இந்த முடிவுக்கு வர எனக்கு நேரமே தேவைப்படவில்லை. எல்லார் முன்னாலும் போய் நின்று சொன்னேன்:

"அக்கா, மத்தியானத்துக்கு மேல உங்களுக்குக் கவனம் செதறுது. போனைப் பையில போட்டுருங்க. பக்கத்துல இருந்தாலே மனசு அங்க போயிரும்."

அவர் மடியிலிருந்து போனை எடுத்துக் காட்டினார். பட்டன் போன். ரப்பர் பேண்ட் சுற்றியிருந்தது.

"இதுல மனசு எங்க தம்பி போறது? ரப்பர் பேண்டுலயா?"

மறுபடி சிரிப்பு. ஆனால் இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை என்பதை நான் கவனிக்கவில்லை. வாங்கிய அடியை எங்கேயாவது இறக்கி வைக்க வேண்டுமே, பெரியக்காவின் பக்கம் திரும்பிவிட்டேன். அந்த அறையில் சாயங்காலம் எழுந்துபோகிறவர் இப்போது அவர் ஒருவர்தான். போனில் பாங்கு கேட்டதும் ஊசியைக் குத்தி வைத்துவிட்டுத் தொழப் போவார். மதினியிடம், அவர் காதில் விழுகிற மாதிரியே சொன்னேன்: "வேலைக்கு நடுவுல எந்திரிச்சுப் போனா திரும்பக் கவனம் ஒண்ணு கூடவே நேரமாகும் மதினி. வேலை முடிஞ்ச பெறகு வச்சுக்கிட்டா..."

மதினி பல்லைக் கடித்துக்கொண்டு, "தம்பி, வாய மூடு" என்றார்.

பெரியக்கா என்னைப் பார்க்கக்கூட இல்லை. பாசியைத் தட்டில் தள்ளிக்கொண்டே, "வக்து, தொழுற நேரம், அல்லா கொடுத்தது தம்பி. லைட்டு நீங்க கொடுத்தது. ரெண்டும் ஒண்ணா?" என்றார். அவ்வளவுதான். குரலில் கோபம்கூட இல்லை. கோபம் இருந்திருந்தால் தேவலை.

அதற்கு அடுத்த சில நாட்களில் சோழவந்தான் அக்கா வேலைக்கு வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. மயில் பாதிக் கழுத்தோடு சட்டத்தில் நின்றது. வேறு யூனிட்காரர்கள் கூப்பிட்டிருப்பார்களோ என்று மதினிக்குப் பயம். "நீ சொன்ன சொல்லுக்குத்தான் கோவிச்சுக்கிட்டாளோ என்னமோ. நீயே போய்க் கூட்டிட்டு வா" என்று வண்டிச் சாவியை என்னிடம் எறிந்தார்.

சோழவந்தானில் அவர் வீடு ஒரு கொடிக்காலை ஒட்டி இருக்கிறது. வெற்றிலைக் கொடிக்காலுக்குள் அவர் வீட்டுக்காரர் நின்றிருந்தார். அகத்தி மரங்களுக்கு ஊடாக வெயில் பொடிப்பொடியாகத்தான் உள்ளே இறங்கியது. வாசலில் ஒரு அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சத்தம் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். கண் என் மேல் நிற்காமல் தாண்டிப் போனது. அவருக்குப் பார்வை இல்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். சோழவந்தான் அக்காவின் அம்மா.

நான் மன்னிப்புக் கேட்கத் தயாராகத்தான் போயிருந்தேன், போன் விஷயத்துக்காக. அக்கா அதைக் காதிலேயே வாங்கவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு என்னைக் கிணற்றுப் பக்கம் கூட்டிப் போனார்.

"தம்பி, மதினிட்ட நான் சொல்றதச் சொல்லாதீக. எனக்குச் சாயங்காலமானா பல்பச் சுத்தி வட்டம் வட்டமாத் தெரியுது. கண்ணு எரியுது. நூலு ரெண்டாத் தெரியுது."

"அதுக்கென்னக்கா..."

"எங்காத்தாளுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுச்சு. வெளக்கச் சுத்தி வானவில்லு கணக்கா தெரியுதுன்னு சொல்லுச்சு. யாரும் கண்டுக்கல. அப்புறம் கொஞ்சங் கொஞ்சமா அம்புட்டும் போயிருச்சு." வாசல் பக்கம் பார்த்துக்கொண்டார். "அதுக்குத் தெரிஞ்சா தாங்காது. நான் இனி வெளில வேலைக்கே வரல. இருக்குற கண்ண வச்சு வீட்டப் பாத்துக்குறேன்."

எப்போதிலிருந்து என்று கேட்டேன்.

"நீங்க லைட்டு மாட்டுன பெறகுதான். அதுக்கு முன்னாடி தெரியல. மங்கல்ல எங்க தெரியுது? நல்ல வெளிச்சத்துலதான தம்பி கோளாறு தெரியும்."

அவர் என்னைக் குத்திச் சொல்லவில்லை. முழு மனதோடு நம்பிச் சொன்னார். படித்த பையன் அளந்து போட்ட வெளிச்சம் அது. அதில் தப்பு இருக்க முடியாது, அதனால் தப்பு தன் கண்ணில்தான். நான் அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் கிணற்றுக் கயிற்றைப் பார்த்தேன். நான் மட்டும் என்ன, அதே கணக்கைத்தானே போட்டேன்? வெளிச்சம் சரி, ஆகையால் ஆள் சரியில்லை. அவர் தன்னைப் பற்றி அப்படி முடிவு செய்வதற்கு முன்னாலேயே நான் எல்லார் முன்னாலும் அவரைப் பற்றி அப்படி அறிவித்துவிட்டேன்.

மறுநாள் காலை அவரை மதுரைக்குக் கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது கண்ணில் சொட்டு மருந்து விட்டார்கள். கண்பாப்பா விரிகிற வரைக்கும் கண்ணை மூடியிருக்கச் சொன்னார்கள். அவர் மூடியபடியே, "வேலை போயிட்டாக்கூடப் பரவால்ல தம்பி. எம்மகளுக்குத் தல சீவி விடுற அளவுக்குப் பார்வை இருந்தாப் போதும்" என்றார். நான் அவர் பையை வாங்கி என் மடியில் வைத்துக்கொண்டேன்.

உள்ளே ஒரு இளம் டாக்டர். கண்ணின் பிரஷர் பார்த்தார், உள்நரம்பு பார்த்தார், வெகுநேரம் பார்த்தார். கடைசியில் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு, "அம்மாவுக்கு இருந்தது உங்களுக்கு இல்லம்மா" என்றார். "ஆனா அம்மாவுக்கு இருந்ததால வருஷத்துக்கு ஒரு தடவை வந்து காட்டிரணும், விட்டுறக் கூடாது. இப்ப கண்ணு ரெண்டும் காஞ்சு போயிருக்கு. அதனாலதான் எரிச்சல், வட்டம் எல்லாம். இமைக்கிறதே இல்லையா? என்ன வேலை?"

அக்கா சொன்னார்.

"நிமிராம எவ்வளவு நேரம் பாப்பீங்க?"

"முன்னல்லாம் விளக்கு வைக்கிற நேரத்துல எந்திரிப்போம் டாக்டரம்மா. வராந்தாவுல நின்னு ரோட்டப் பாப்போம். இப்பக் காலைலருந்தே விளக்கு எரியுறதால அந்த நேரம் வர்றதே இல்ல. எப்ப இருட்டுதுன்னே தெரியாது. போற வரைக்கும் குனிஞ்ச தலதான்."

"லைட்டு எங்க இருக்கு?"

"நேரா உச்சந்தல மேல."

"ஜரி வேலை வேற. கீழ இருந்தும் கண்ணுல அடிக்குமே! யாரு போட்டா அந்த லைட்டு?"

நான் அங்கேதான் நின்றேன், அக்காவின் பையைக் கையில் வைத்துக்கொண்டு. அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. "யாரோ ஆள் விட்டுப் போட்டாக டாக்டரம்மா" என்றார்.

நான்தான் என்று சொல்ல ஒரு நொடி இருந்தது. சொல்லவில்லை. டாக்டர் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். அடிக்கடி தூரத்தில் பார்க்கச் சொன்னார். நாங்கள் வெளியே வந்தோம். மருந்து விட்ட கண்ணில் வெயில் கூசியதால் அக்கா முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி சந்தோஷமாக நடந்தார். "கண்ணு இருக்கு தம்பி, கண்ணு இருக்கு!" பஸ் ஏற்றிவிட்டபோது, வேலைக்கு எப்போது வருவீர்கள் என்று கேட்டேன். சந்தோஷம் சற்று இறங்கியது.

"அந்த வெளிச்சத்துல உக்கார எனக்குப் பயமா இருக்கு" என்றார். பஸ் நகர்ந்துவிட்டது.

நேரே யூனிட்டுக்குப் போனேன். அவர் இடம் காலியாக இருந்தது. மதினியிடம் கேட்டு, ஓரத்துணி ஒன்றைச் சட்டத்தில் கட்டி, சமிக்கி தைக்க உட்கார்ந்தேன். கேலியை எதிர்பார்த்தேன், அது வந்தது. "மாப்பிள்ளையே பொண்ணுக்குப் பிளவுஸ் தைக்கிறாரு போல" என்றது ஒரு குரல். ஆனால் கொஞ்ச நேரத்தில் எனக்கு எந்தக் குரலும் கேட்கவில்லை. குனிந்து பார்த்தால் ஒவ்வொரு சமிக்கியிலும் ஒரு குட்டி பேனல் எரிந்தது. கூரையில் நான் மாட்டியது ஒன்று, துணியில் அது நூறாக முளைத்திருந்தது. நெற்றி தானாகச் சுருங்கியது. தலையைச் சாய்த்தால் ஒரு சமிக்கி அணையும், பக்கத்தில் இன்னொன்று எரியும். நிழலை விரட்டிவிட்டேன் என்று ஆடிய ஆட்டத்தில், நிழல் இருந்த இடத்தில் எதைக் கொண்டுவந்து வைத்தேன் என்று குனிந்து பார்க்கவே இல்லை. ஸ்டூல் மேலிருந்து பார்த்தவன், ஸ்டூல் மேலிருந்தே மாட்டிவிட்டும் போனேன்.

கண் எரிய ஆரம்பித்தபோது மணி என்னவென்று தெரியவில்லை. மத்தியானமா, சாயங்காலமா? அறைக்குள் ஒரே வெள்ளை. பெரியக்காவின் போனில் பாங்கு கேட்டது. அவர் எழுந்தார். நானும் எழுந்தேன். வராந்தாக் கதவைத் திறந்தபோது வெளியே பஸ்கள் எல்லாம் விளக்குப் போட்டு ஓடிக்கொண்டிருந்தன. ஒரு முழுச் சாயங்காலம் எனக்குத் தெரியாமல் வந்து போயிருந்தது. தூரத்தில் ஒரு பஸ்ஸின் போர்டைப் படிக்கப் பார்த்தேன். எழுத்து கலங்கிக் கலங்கி, மெதுவாகத்தான் ஒன்றுகூடியது.

உள்ளறைக்குப் போகிற வழியில் பெரியக்கா நின்றார்.

"என்ன தம்பி, நடுவுல எந்திரிச்சிட்டீங்க? கவனம் செதறிருமே?"

எனக்குத் தலை நிமிரவில்லை. "தப்புத்தாங்க பெரியக்கா" என்றேன். அவர் சிரித்தாரா என்பதுகூடத் தெரியாது. தொழப் போய்விட்டார்.

அன்று மதினியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஆஸ்பத்திரியில் நான் வாய் திறக்காமல் நின்றதையும் சேர்த்து. மதினி கணக்குப் பார்க்கவோ கத்தவோ இல்லை. பாதி மயிலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நானுந்தான. விளக்கு வைக்கிறத நானே மறந்தேன். அந்தக் கால்மணி நேரத்துலயும் நாலு பூவு தைக்கிறாளுகன்னு உள்ளுக்குள்ள ஒரு ஆச." பிறகு என்னைப் பார்த்தார். "லைட்டு மாட்டுனத ஊருக்கே ஸ்டேட்டஸ் போட்டியே. இதப் போடுவியா?"

போடவில்லை. வீடியோவை மட்டும் அழித்தேன். அழித்ததும் இன்னும் அவமானமாகத்தான் இருந்தது. திருட்டுத்தனமாக ஒளித்து வைத்த மாதிரி.

என் குணம் எனக்குத் தெரியும். அடுத்த மணி நேரத்திலேயே மூளை ஓட ஆரம்பித்துவிட்டது. பேனலைப் பக்கவாட்டில் நகர்த்தலாம், பால் வெள்ளைத் தகடு போட்டு மறைக்கலாம், மஞ்சள் கலந்த பல்பு வாங்கலாம், ஒவ்வொரு சட்டத்துக்கும் வளைகிற மேஜை விளக்கு வைக்கலாம். போனில் ஆர்டர் போடுகிற பக்கத்தைத் திறந்தே விட்டேன். மதினி போனைப் பிடுங்கிக்கொண்டார்.

"அவ வந்து உக்காந்து சொல்ற வரைக்கும் ஸ்டூல்ல கால வச்ச, கால ஒடச்சுருவேன்."

சோழவந்தானுக்கு மதினியே பேசினார். ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கிறேன் என்று அக்கா சொல்லியிருக்கிறார். பார்க்கிறேன் என்றுதான், உட்காருகிறேன் என்று இல்லை. ஆர்டர் குவிந்து கிடப்பதால் ஞாயிறானாலும் அன்றைக்கு எல்லாரும் இருப்பார்கள். அது ஒரு விதத்தில் நல்லது. எல்லார் முன்னாலும்தானே அவருக்குக் கவனம் இல்லை என்றேன். இப்போதும் எல்லார் முன்னாலும்தான் சொல்ல வேண்டும், கோளாறு அவர் கவனத்திலோ கண்ணிலோ இல்லை, நான் மாட்டிய லைட்டில் என்று. நாலே வார்த்தைதான். நான் அதை இப்போதே எத்தனை தடவை சொல்லிப் பார்த்தாலும் நடுவில் எங்கோ ஒரு "ஆனா" வந்து சேர்ந்துவிடுகிறது. அது இல்லாமல் சொல்லப் பழக வேண்டும்.

அதற்கப்புறம் கருப்புத் தாளை உரிப்பேன். பேனலை அணைத்துவிட்டு, நீள ஒயரில் ஒரு பல்பை மாட்டிக் கையில் பிடித்துக்கொண்டு அவர் பக்கத்தில் நிற்பேன். அவர் மயிலின் கழுத்தைத் தைக்கட்டும். நான் பல்பை இடது பக்கம், முன்பக்கம், மேலே, கீழே என்று மெதுவாக நகர்த்துவேன். எந்த இடத்தில் அவர் நெற்றி தளர்கிறதோ, அங்கே நிறுத்து என்று அவரே சொல்ல வேண்டும். நான் சொல்லக் கூடாது. அப்புறம் பெரியக்கா, அவர் சம்மதித்தால். அப்புறம் மற்றவர்கள். ஆளுக்கு ஒரு இடம் வரலாம், வரட்டும்.